கலைச்சொல்: டீஸ்கேலிங் – 'செதில் நீக்கம்' சரியா?

> துணி நீராவிக் கருவியின் கையேட்டை மொழிபெயர்க்கிறேன். டீஸ்கேலிங் என்பதற்குச் 'செதில் நீக்கம்' என்று போட்டிருக்கிறேன். சரிதானா?

அன்புள்ள ஐயா, வணக்கம்.

மீனுக்குச் சரி. கருவிக்குள் தண்ணீர் படியவிட்ட பொருக்கை அகற்றும் டீஸ்கேலிங்குக்கு வேண்டாம்.

போன வாரம் காரைக்குடியில் எங்கள் ஆச்சியின் அரக்குக் கண்டாங்கிக்கு ஆவி காட்டிக்கொண்டிருந்தேன். ஆவி மெலிந்துகொண்டே வந்து, கடைசியில் முனை வெந்நீரைத் துப்பியது. சேலையெல்லாம் வெள்ளைத் துகள். குழாய் தொய்ந்து கிடந்தால் ஆவி உள்ளேயே குளிர்ந்து தேங்கிக் களகளவென்று சத்தம் வரும். அதை நிமிர்த்திப் பிடித்தேன். சத்தம் நின்றது, ஆவி கூடவில்லை. பிளக்கைப் பிடுங்கி, ஆறவிட்டுத் தொட்டியைக் கழற்றினேன். தண்ணீர் இறங்கும் வாயைச் சுற்றி வெள்ளைப் பொருக்கு. எட்டிப் பார்த்த ஆச்சி சொன்னது: "காரை பிடிச்சிருக்குப்பா."

காரை! பல்லில் இறுகுவதையும் அப்படித்தானே சொல்கிறோம்? சுவரில் பூசிய சுண்ணாம்புச் சாந்தும் காரைதான். இது வெறும் உவமை அல்ல. போர் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியம் பைகார்பனேட், சூடேறியதும் கரியமில வாயுவை விட்டுவிட்டுக் கால்சியம் கார்பனேட்டாகப் படிகிறது. எங்கள் வளவுச் சுவரின் சுண்ணாம்போ காற்றிலிருந்து அதே வாயுவை வாங்கி, அதே கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. ஒன்று விட்டது, ஒன்று வாங்கியது. வந்து சேர்ந்த பொருள் ஒன்றே. (காரைக்குடிப் பெயருக்குக் காரைச் செடியைக் காட்டுவோரும் உண்டு, காரை வீட்டைக் காட்டுவோரும் உண்டு. அந்த வழக்குக்குள் நான் வரவில்லை.)

வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்து அரை மணி நேரம் ஊறவிட்டேன். குமிழி விட்டுக் கரைந்தது. இரண்டு முறை நல்ல தண்ணீரில் அலசி, முதல் ஆவியைப் பழந்துணியில் விட்டபின்தான் சேலையைத் தொட்டேன். சில கருவிகளுக்கு வினிகர் ஆகாது. உங்கள் கையேடு என்ன சொல்கிறது என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

என் முன்மொழிவு: ஸ்கேல் – காரை, டீஸ்கேலிங் – காரை எடுத்தல்.

> 'சுண்ணப்படிவு' இன்னும் துல்லியம் இல்லையா? கேட்பவர் 'கறை' என்று எடுத்துக்கொள்ளவும் கூடும்.

பாடநூலுக்கு அது நல்ல சொல், மறுக்கவில்லை. ஆனால் கொதிகலனில் படிவது எப்போதும் சுண்ணாம்பு மட்டுமல்ல. மக்னீசியம் வரும், சிலிக்காவும் வரும். 'காரை' எல்லாவற்றையும் தாங்கும். கூடவே 'பிடிக்கும்' என்ற வினையும் வருகிறதே! 'சுண்ணப்படிவு பிடித்திருக்கிறது' என்று பழுது பார்ப்பவரிடம் யார் சொல்வார்கள்? கறைக் குழப்பம் காதுக்கு வரலாம். கையேட்டில் எழுத்துக் காப்பாற்றிவிடும்.

கையேட்டின் எச்சரிக்கை வரியையும் இப்படி எழுதலாம்: "காரை ஏறினால் சூடு தண்ணீருக்குப் போகாமல் உலோகத்திலேயே தங்கும், மிகுந்தால் காப்பு ஃபியூஸ் போய்க் கருவி நின்றுவிடும்." தடுக்கும் வழிக்கு, காய்ச்சி வடித்த நீர். முற்றத்து ஓட்டிலிருந்து அண்டாவில் பிடித்த மழைத்தண்ணீரிலும் சுண்ணாம்பு மிகக் குறைவு என்பதால் எங்கள் வீட்டில் இப்போது அதை வடிகட்டித்தான் ஊற்றுகிறோம்.

பொத்தானில் அச்சிட 'காரை எடு' போதுமா, 'காரை நீக்கு' வேண்டுமா? எனக்கு முன்னதுதான் பிடித்திருக்கிறது. இடம் எத்தனை எழுத்துக்கு இருக்கிறது என்று சொல்லுங்கள்.