ஏடிஏ 40-ஐத் தாண்டினால் காசநோயா?

முன்னாள் ஆய்வகம்:
அடிவாரம் ஐயா நேற்று எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் காப்பி இறங்கவில்லை. "சளி கொடுக்கச் சொல்லி ஏன் அலைக்கழிக்கிறார்கள்? ஏடிஏ நொதி 40-ஐத் தாண்டினால் நுரையீரல் காசநோய், அவ்வளவுதான்" என்கிறார். ஏடிஏ என்பது அடினோசின் டிஅமினேஸ் என்ற நொதி. லிட்டருக்கு இத்தனை அலகு என்ற அந்த 40, நெஞ்சில் தேங்கும் நீருக்கு வைத்த அளவு. ரத்தத்துக்கு வைத்தது அல்ல. சேலத்தில் முப்பது வருடம் சோதனைக் குழாய் கழுவியவன் சொல்கிறேன்.

அடிவாரம்:
கழுவியவர் என்று நீங்களே ஒப்புக்கொண்டது நல்லது. என் மாமனாருக்கு 46. மாத்திரை கொடுத்தார்கள், மூன்றே மாதத்தில் ஏற்காட்டில் ஏணி வைத்து மிளகு பறித்தார். 46 என்பது 40-ஐவிடப் பெரியதா, இல்லையா?

முன்னாள் ஆய்வகம்:
அந்த 46 ரத்தத்திலா, நீரிலா?

அடிவாரம்:
46 என்றால் 46.

கொண்டலாம்பட்டி:
காசநோய்க்கு ரத்தப் பரிசோதனையையே அரசு 2012-இல் தடை செய்துவிட்டது. பிறகு எதற்கு இந்த 40, 46 எல்லாம்?

முன்னாள் ஆய்வகம்:
தம்பி, என் பக்கம் நிற்பதானால் சரியாக நில்லுங்கள். தடை செய்தது ரத்தத்தில் எதிர்ப்பொருளைத் தேடிய சோதனைகளை. ஏடிஏ வேறு. அது அடினோசினை உடைக்கும்போது அமோனியா வெளிவரும். பழைய முறையில் அதை நீல நிறமாக்கி அளப்போம். நிணநீர் அணுக்கள் எங்கே மும்முரமாக இருக்கின்றனவோ அங்கே ஏடிஏ ஏறும். காசநோயில் ஏறும், சீழ் கட்டினாலும், நிணநீர்ப் புற்றுநோயிலும், முடக்குவாதத்திலும் ஏறும். கிருமியை அது பார்ப்பதே இல்லை. சளியில் சிபிநாட், அதாவது கிருமியின் மரபணுவைத் தேடும் சோதனை, செய்தால் இரண்டு மணி நேரத்தில் கிருமியும் தெரியும், ரிஃபாம்பிசின் என்ற காசநோய் மருந்து கேட்குமா என்பதும் தெரியும். உங்கள் 46 அதைச் சொல்லுமா?

அஸ்தம்பட்டி அக்கா:
நொதி, நொதி என்று எழுதினால் யாருக்குப் புரியும்? என்சைம் என்று எழுதுங்கள்.

முன்னாள் ஆய்வகம்:
பள்ளிப் பாடநூலிலேயே நொதிதான் அம்மா.

அஸ்தம்பட்டி அக்கா:
நான் உங்களுக்கு அம்மா இல்லை. போன வருடம் மாம்பழ விவாதத்திலும் இப்படித்தான் பாடநூலைத் தூக்கிக்கொண்டு வந்தீர்கள். சேலத்து மல்கோவாவை மட்டம் தட்டியதை நான் மறக்கவில்லை.

கொண்டலாம்பட்டி:
மட்டம் தட்டியது அவர் இல்லை அக்கா, அடிவாரம்.

அடிவாரம்:
இமாம் பசந்துக்கு முன்னால் மல்கோவா எம்மாத்திரம்? அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன். ஏடிஏ விஷயத்திலும் அப்படித்தான். மாமனாருக்குச் சளியே வரவில்லை. வராத சளியை எதில் பிடித்துக் கொடுப்பது, சார்?

முன்னாள் ஆய்வகம்:
இப்போதுதான் உருப்படியாக ஒன்று கேட்டீர்கள். சளி வரவில்லை என்றால் அவருக்கு நுரையீரல் உறையில் நீர் கோத்திருக்கலாம். விலாவில் ஊசி போட்டு எடுத்த அந்த நீரில் 46 என்றால் மருத்துவர் காசநோய் என்று சந்தேகித்ததில் நியாயம் உண்டு. ஆனால் அது நுரையீரல் காசநோய்க் கணக்கில் வராது. உறையில் வருவதை நுரையீரலுக்கு வெளியே வந்ததாகத்தான் பதிவேட்டில் எழுதுவார்கள். ஊசி போட்டார்களா?

அடிவாரம்:
கையிலும் போட்டார்கள், முதுகுப் பக்கமும் போட்டார்கள். எந்த ஊசியில் 46 வந்தது என்று நான் பக்கத்தில் நின்று பார்க்கவில்லை.

கொண்டலாம்பட்டி:
அப்படியானால் தெரியாமல்தான் இரண்டு நாளாகக் கத்துகிறீர்களா?

அடிவாரம்:
தம்பி, வெள்ளிப் பட்டறைப் புகையில் இருமிக்கொண்டிருப்பவர் நீங்கள். முதலில் உங்கள் ஏடிஏவைப் பாருங்கள்.

முன்னாள் ஆய்வகம்:
அவர் பார்க்க வேண்டியது ஏடிஏ அல்ல. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால் சளியைக் கொடுக்கட்டும், அரசு மருத்துவமனையில் காசு கேட்க மாட்டார்கள். உங்கள் மாமனாரின் பரிசோதனைத் தாளில் மேலே 'மாதிரி' என்று ஒரு வரி இருக்கும், சோதித்தது ரத்தமா, நீரா என்று. அதைப் படித்துச் சொல்லுங்கள்.

அடிவாரம்:
தாள் மாமனார் வீட்டில் இருக்கிறது. உங்களுக்காக இருபது கொண்டை ஊசி வளைவு ஏற முடியாது. 46.

அஸ்தம்பட்டி அக்கா:
இமாம் பசந்து பற்றிச் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.