புதுப்பிப்பு: வெடித்த அக்ரிலிக் பெயர்ப்பலகை சரியாகிவிட்டது

பதில் எழுதிய எல்லோருக்கும் மனமார்ந்த நன்றி. வெள்ளவத்தையில் கடலைப் பார்த்த எங்கள் கடையின் அக்ரிலிக் பெயர்ப்பலகை திருகாணித் துளைகளைச் சுற்றி வெடிக்கிறது என்று கேட்டிருந்தேன். துளையைப் பெரிதாக்கச் சொன்ன யோசனைதான் கைகொடுத்தது: ஒரு மீட்டர் அக்ரிலிக் 30 பாகை சூடேறினால் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர் நீளும், பழைய துளையில் அதற்கு இடமே இல்லை. இரத்மலானைப் பட்டறைக்காரர் முதலில் தடிப்பைக் கூட்டலாம் என்றார், அப்புறம் நான் விளக்கியதும் புதுத் தகட்டில் நடுத்துளையை மட்டும் இறுக்கமாக விட்டு, மற்றவற்றை நீள்துளையாக வெட்டி, சிலிகன் வாஷர் போட்டு, திருகாணியை அரைச் சுற்றுத் தளர்த்தித் தந்தார். நாலு மாத வெயிலும் மழையும் பார்த்தாயிற்று, ஒரு கீறல்கூட இல்லை. எதிர்பாராதது திருகாணிதான்: 304 என்ற தரத்துத் துருப்பிடிக்காத எஃகுகூட உப்புக்காற்றில் பழுப்புக் கறை விட்டது, உப்பை இன்னும் நன்றாகத் தாங்கும் 316 தரத்துக்கு மாற்றினேன், இதுவரை சுத்தமாக இருக்கிறது.