கொற்கையில் கடலைத் தேடிப் போனவர்கள்: உங்கள் அனுபவத்தை எழுதுங்கள்

முதல் பதிவு:
வன்னி மரத்தையும் அக்கசாலை ஈஸ்வரமுடையார் கோயிலையும் பார்த்திருப்பீர்கள் என்பதால், மனத்தை விட்டு அகலாத ஒன்றை மட்டும் எழுதுகிறேன். வாழைத் தோட்டத்தில் வாய்க்கால் வெட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் பழைய துறைமுகம் எந்தப் பக்கம் என்று கேட்டேன். அவர் வெட்டிப் போட்ட வண்டலிலிருந்து ஒரு சங்குத் துண்டை எடுத்து, வேட்டியில் துடைத்து, என் கையில் வைத்தார். வளையலுக்காக அறுத்தது போக எஞ்சிய துண்டு. அறுத்த விளிம்பு இன்னும் நேராக இருந்தது. "நீங்க நிக்கிற இடந்தாய்யா" என்றார். பெரிப்ளஸ் என்ற பழைய கிரேக்கக் கடல்வழி நூல் குறிப்பிடும் பாண்டியரின் முத்துத் துறை இதுவே. கடல் விலகிச் சுமார் 6 கிலோமீட்டர் கிழக்கே போய்விட்டது.

இரண்டாம் பதிவு:
கடல் தானாக விலகியதாக எழுதுவதை என்னால் ஏற்க முடியவில்லை. தாமிரபரணி காலங்காலமாகக் கொண்டுவந்து கொட்டிய வண்டல்தான் கரையைக் கிழக்கே தள்ளியது. அதனால்தான் வணிகம், இன்று பழையகாயல் எனப்படும் காயல் துறைக்கு மாறியது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ அங்கே குதிரைகளோடு வரும் கப்பல்களைப் பற்றி எழுதினார். பின்னர் அந்தத் துறையும் தூர்ந்தது. கால்டுவெல் சீனப் பீங்கான் சில்லுகளைக் கண்ட பழையகாயலில், மழை பெய்து ஓய்ந்த காலையில், நகமளவு பச்சை மெருகுச் சில்லு ஒன்று வரப்பில் மின்னியது. குனிந்து பார்த்துவிட்டு அங்கேயே விட்டு வந்தேன்.

மூன்றாம் பதிவு:
1961இல் தூத்துக்குடியில் நடந்த முத்துக்குளிப்பை என் தந்தை பார்த்திருக்கிறார். குவித்து அழுகவிட்ட சிப்பிகளின் நாற்றத்தையும் ஈக்களையும் மட்டுமே அவர் திரும்பத் திரும்பச் சொல்வார்.

செல்லவிருப்பவர்களுக்குச் சில சொல்ல வேண்டும். சங்குத் துண்டோ பானை ஓடோ கண்ணில் பட்டால் எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எந்த மண்ணடுக்கில் கிடந்தது என்பது தெரியாமல் போனால் ஆய்வாளருக்கு அதனால் பெரிய பயனில்லை. 1968-69இல் மாநிலத் தொல்லியல் துறை அகழ்ந்தபோது கிடைத்த கரியின் காலம் கி.மு. 785 அளவில் கணிக்கப்பட்டதும், அது கிடைத்த ஆழம் பதிவு செய்யப்பட்டிருந்ததால்தான் பொருள் பெறுகிறது. படம் எடுங்கள், இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள், கிராம நிர்வாக அலுவலரிடம் தெரிவியுங்கள். தோட்டத்துக்குள் இறங்கும் முன் உடையவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அருகிலுள்ள ஆதிச்சநல்லூரையும் அதே நாளில் பார்த்துவிடலாம். ஆனால் கொற்கைக்குக் காலையிலேயே போய்விடுங்கள், வெயில் ஏறினால் வயலில் ஆளிருக்காது, காட்டித் தரவும் எவரும் இருக்க மாட்டார்கள்.