2 உலை, 1 கிரேன், 100 கிலோவாட்: சால்வர் ‘இன்ஃபீசிபிள்’ என்கிறது, உதவி தேவை

உலைக்கூடம்:
வணக்கம், கொஞ்சம் அவசரம். ஹீட் ட்ரீட்மென்ட் பட்டறை. 2 மின் உலை, ஒரு கம்ப்ரசர், எல்லாவற்றுக்கும் ஒரே கிரேன். எந்த நேரத்திலும் மொத்த லோடு 100 கிலோவாட்டைத் தாண்டக் கூடாது. நாளைய வேலைகளை சிபி-சாட்டில் (நிபந்தனைகளுக்குள் அட்டவணை தேடித் தரும் சால்வர் மென்பொருள்) போட்டேன். ஓட்டிய உடனே ‘இன்ஃபீசிபிள்’, அதாவது எல்லா நிபந்தனைக்கும் பொருந்தும் விடையே இல்லை என்கிறது. கையால் போட்டுப் பார்த்தால் இடம் இருக்கிறது. எங்கே தேடுவது?

பைத்தான்ராசா:
புரோகிராம் கோடு எங்கே சார்? எத்தனை வேலை? ஒரு நாள் என்றால் 8 மணி நேரமா, 24ஆ?

வரிசைமணி:
கிரேன்தான் காரணம். உலை ஓடும் நேரம் முழுக்க அதைப் பிடித்து வைத்திருப்பீர்கள். ஏற்ற ஒரு இன்டர்வல் (தொடக்கமும் முடிவும் உள்ள நேரத் துண்டு), இறக்க ஒன்று. அவற்றை மட்டும், ஒன்றன்மேல் ஒன்று விழக் கூடாது என்று சொல்லும் நோ-ஓவர்லாப்பில் போடுங்கள்.

கணக்காசான்:
இது ஆர்சிபிஎஸ்பி, அதாவது வரம்புள்ள வளங்களை வைத்து வேலைகளுக்கு அட்டவணை போடும் கணக்கு. என்பி-ஹார்டு (எப்போதும் வேகமாகத் தீர்க்கும் வழி தெரியாத கடின வகை) என்று 1983லேயே நிறுவிவிட்டார்கள். அடிப்படையைப் படித்துவிட்டுக் கேட்டால் எல்லோருக்கும் நேரம் மிச்சம்.

பைத்தான்ராசா:
என்பி-ஹார்டு என்றால் விடை வர நேரமாகலாம், அவ்வளவுதான். உடனே ‘இன்ஃபீசிபிள்’ வந்தால் பெரும்பாலும் ஏதோ ஒரு எண் நேராக முட்டுகிறது. மொத்த லோடு வரம்பைத் தாண்டாமல் பார்க்கும் கியூமுலேட்டிவ் வரியை மட்டும் எடுத்துவிட்டு ஓட்டுங்கள்.

மின்பணி:
கம்ப்ரசர் மோட்டார் நேரடி ஸ்டார்ட்டரில் கிளம்பும்போது 6 மடங்கு கரண்ட் இழுக்கும். அதைச் சேர்த்தீர்களா?

வரிசைமணி:
மீட்டர் டிமாண்ட் (மீட்டர் பதிவு செய்யும் லோடு) 15 அல்லது 30 நிமிடச் சராசரி. சில வினாடி இழுப்பு அதில் கரைந்துவிடும்.

மின்பணி:
மீட்டரில் கரையும், பிரேக்கரில் கரையாது.

உலைக்கூடம்:
அந்த வரியை எடுத்தால் விடை வருகிறது. உலைகள் 60, 45. கம்ப்ரசர் 7.5. சால்வர் தசமம் ஏற்காததால் லோடுகளை 10ஆல் பெருக்கினேன்.

பைத்தான்ராசா:
வரம்பையும் பெருக்கினீர்களா? 600 கேட்கும் உலை 100க்குள் எப்படி நுழையும்? 1000 போடுங்கள்.

அப்புறம், உலையை ஒரே இன்டர்வலாக 60இல் வைக்காதீர்கள். வைத்தால் 60+45 = 105, இரண்டு உலையும் சேர்ந்து ஓடவே முடியாது. சூடேறும் வரைதான் முழு லோடு. சோக்கிங்கில் (எட்டிய சூட்டிலேயே வைத்திருக்கும் கட்டம்) வெளியேறும் வெப்பத்தை ஈடுகட்டினால் போதும். இரண்டாகப் பிரித்து, முதலாவது முடிகிற இடத்திலேயே அடுத்தது தொடங்கும்படி கட்டுங்கள். சோக்கிங் லோடை மீட்டரில் பார்த்துப் போடுங்கள்.

மின்பணி:
உலைக்குக் கான்டாக்டரா (முழுதாக ஆன்/ஆஃப் செய்யும் சுவிட்ச்), தைரிஸ்டரா (மின்சாரத்தைக் கூட்டிக் குறைக்கும் சாதனம்)? கான்டாக்டர் என்றால் சோக்கிங்கிலும் ஆன் ஆகும் கணத்தில் முழு 60 இழுக்கும்.

உலைக்கூடம்:
1000 போட்டதும் வந்துவிட்டது. நன்றி!

மின்பணி:
கான்டாக்டரா என்று சொல்லவே இல்லையே சார்?