பழைய ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போனபோது நடந்தவை: உங்கள் அனுபவத்தையும் எழுதுங்கள்

ஹாரோவிலிருந்து:

லண்டனுக்கு வந்த நாள் முதல் எனக்கு மாஸ்டா எம்எக்ஸ்-5 மீது ஆசை. இரண்டே இருக்கை, மேல்மூடியைக் கையாலேயே மடக்கிவிடலாம், எடை ஒரு டன்னைச் சற்றுத்தான் தாண்டும். போன மார்ச்சில் 2003ஆம் ஆண்டுக் கார் ஒன்று 2,800 பவுண்டுக்கு வந்தது. இரண்டாம் தலைமுறை, 1.8 லிட்டர், 71,000 மைல். படத்தில் பளபளத்தது. முன்பணம் அனுப்பக் கை பரபரத்தது.

தடுத்தவர் எங்கள் தெருவில் கராஜ் வைத்திருக்கும் யாழ்ப்பாணத்து அண்ணன். "தம்பி, முதலில் அதன் எம்ஓடி வரலாற்றைப் படியுங்கள்" என்றார். எம்ஓடி என்பது இங்கே கார்களுக்கு ஆண்டுதோறும் நடக்கும் தகுதிச் சோதனை. பதிவு எண்ணைத் தட்டினால் அதன் விவரம் அரசு இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. மைல் கணக்கு ஒழுங்காக ஏறியிருந்ததைப் பார்த்து நான் நிம்மதியடைந்தேன். அவர் விரல் வைத்தது வேறு இரண்டு வரிகளில். 2021இல் "பின்சக்கரத்துக்கு முன்னால், சில் பகுதியில் துரு" என்ற எச்சரிக்கை. சில் என்பது கதவுக்குக் கீழே நீளமாக ஓடும் பெட்டித் தகடு. 2022இல் அந்த வரியைக் காணோம். "அடிப்பாகம் முழுவதும் பூச்சால் மூடப்பட்டுள்ளது" என்று புதிதாக ஒரு வரி. "துருத் தகட்டை வெட்டிப் புதிது ஒட்டினார்களா, பூசி மறைத்தார்களா என்று நேரில் பார்த்துவிடுவோம். நானும் வருகிறேன்" என்றார்.

இன்ஜினைக் கிளப்பாமல் வையுங்கள் என்று முன்கூட்டியே கேட்டிருந்தோம். போனதும் அண்ணன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்தார். நல்ல சூடு. கழுவுவதற்காக வெளியே எடுத்தேன் என்றார் விற்பவர். குளிர்ந்த இன்ஜினைக் கிளப்பும்போதுதான் பழைய காரின் சத்தமும் புகையும் சரியாகத் தெரியும்.  அதையே மறைக்கிறவர் வேறு எதை மறைப்பாரோ என்று எனக்கு உறுத்தியது.

அண்ணன் துணி சுற்றிய சிறு காந்தத்தைச் சில்லின் மேல் நகர்த்திக்கொண்டே போனார். கதவுக்குக் கீழே கவ்விப் பிடித்தது. பின்சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னால் வழுக்கி என் கையில் விழுந்தது. அங்கே தகடு இல்லை. பட்டி பார்த்துப் பெயின்ட் அடித்திருக்கிறார்கள்.

பிறகு விற்பவரிடம் அனுமதி கேட்டு, மூடி மடங்கும் மூலையில் ஒரு பாட்டில் தண்ணீரை மெதுவாக ஊற்றினார். மழைநீர் வடிய அங்கே இருபுறமும் குழாய் உண்டு. ஊற்றிய நீர் பின்சக்கரத்துக்கு முன்னால் தரையில் விழ வேண்டும். வலப்புறம் விழுந்தது. இடப்புறம் ஒரு சொட்டும் இல்லை. சற்று நேரத்தில் இருக்கைக்குப் பின்னால் கம்பளம் நனைந்தது. பிறகு சில்லின் கீழ் விளிம்பில், கறுப்புப் பூச்சு வெடித்திருந்த இடத்தில், தேநீர் நிறத்தில் தண்ணீர் கசிந்தது. சருகு அடைத்த அந்தக் குழாயால் எத்தனை ஆண்டு மழை அந்தப் பெட்டிக்குள் இறங்கியதோ!

இன்ஜினுக்கு இருபுறமும் நீளும் முன்பக்கச் சட்டங்களையும் டார்ச் அடித்துக் காட்டினார். இரண்டாம் தலைமுறையில் அவை பல அடுக்குத் தகடுகளால் ஆனவை. உள்ளிருந்து அரிக்கும், வெளியே ஊதித் தெரியும்போது உள்ளே ஒன்றும் மிஞ்சியிருக்காது. மோதினால் நம்மைக் காப்பது அந்தச் சட்டம். அதன் மேல் பூச்சைப் பூசி இன்னொரு குடும்பத்தின் தலையில் கட்ட எப்படி மனம் வருகிறது என்று இன்றும் எனக்குக் கோபம் அடங்கவில்லை.

லெஸ்டரிலிருந்து:

என் கதை போர்ஷே பாக்ஸ்டர், 2001, 2.7 லிட்டர். அந்தக் கால பாக்ஸ்டரில் இன்ஜினின் இடைத்தண்டைத் தாங்கும் பேரிங் நொறுங்கினால் இன்ஜினே போய்விடும். அதை மாற்ற கியர்பாக்ஸையும் கிளட்சையும் கழற்ற வேண்டும். ஆகவே கிளட்ச் மாற்றியவர்கள் பலர் பேரிங்கையும் சேர்த்தே மாற்றிவிடுவார்கள். ரசீது கேட்டேன். கிளட்சுக்கு இருந்தது, பேரிங்குக்கு இல்லை. 180 பவுண்டு கொடுத்து அந்த ரகக் காரை மட்டுமே பார்க்கும் ஒருவரிடம் காட்டினேன். எண்ணெய் வடிகட்டியைக் கழற்றி, காகித மடிப்புகளை ஒவ்வொன்றாக விரித்தார். மூன்றாவது மடிப்பில் ஜரிகைத் தூள் போல மினுமினுப்பு. காந்தத்தைக் காட்டியதும் தாவி ஒட்டிக்கொண்டது. உருக்குத் துகள், பேரிங் தேய்வதன் அறிகுறி. அந்த 180 பவுண்டைவிடப் பயனுள்ள செலவை நான் செய்ததில்லை.

குரோய்டனிலிருந்து:

வீட்டுக்கு வர வேண்டாம், சூப்பர்மார்க்கெட் வாகன நிறுத்தத்தில் சந்திப்போம் என்றார் விற்பவர். வி5சி என்னும் கார் பதிவுச் சான்றிதழில் வேறு ஊர் முகவரி. காரின் கதவைக்கூடத் திறக்காமல் திரும்பிவிட்டேன்.

மீண்டும் ஹாரோவிலிருந்து:

கேட்டவர்களுக்காக: போன வாரம் வாங்கிவிட்டேன். 1996ஆம் ஆண்டு, முதல் தலைமுறை, சிவப்பு. பெயின்ட் மங்கிவிட்டது, மூடியின் பிளாஸ்டிக் ஜன்னலில் ஒரு கீறல். விற்ற பெரியவர் சில் வெட்டி ஒட்டியபோது எடுத்த படங்களையும் ரசீதையும் ஒரு கோப்பில் வைத்திருந்தார். பானெட் ஜில்லென்று இருந்தது. பாட்டிலை நான் எடுக்கும் முன்பே "தண்ணீர் ஊற்றிப் பார்க்கிறீர்களா?" என்று அவரே கேட்டார். ஊற்றினேன். இருபுறமும் தரை நனைந்தது.