10,000 ரூபாயில் தொடங்கினாராம், அந்த அறைக்கு வாடகை எவ்வளவு?

களியக்காவிளைக் கணக்கர்:
நம்ம குழுவின் தேன்தம்பி நாகர்கோவிலில் ஒரு கல்லூரியில் பேசிய வீடியோவைப் பார்த்தேன். "வெறும் 10,000 ரூபாயில் தேன் விற்கும் ஸ்டார்ட்அப் தொடங்கினேன், யாரிடமும் கை நீட்டவில்லை" என்கிறார். பிள்ளைகள் கைதட்டுகிறார்கள். எனக்கு ஒரே கேள்விதான். மார்த்தாண்டத்தில் மெயின் ரோட்டை ஒட்டிய அந்த அறைக்கு வாடகை எவ்வளவு ஓய்?

தேன்தம்பி:
வாடகை இல்லை அண்ணே. மாமனார் வீட்டுக் கீழ்த்தளம், சும்மா கிடந்த இடம். 10,000 என் கையிலிருந்து போன காசு. பாட்டில், லேபிள், உணவு உரிமப் பதிவு, அவ்வளவுதான். தேனைக் கடனுக்கு எடுத்தேன்.

களியக்காவிளைக் கணக்கர்:
சும்மா கிடந்த இடமாம்! பக்கத்துக் கடைக்கு மாதம் 9,000. பத்து மாதத்துக்கு 90,000. ஆக, 10,000 இல்லை, 1,00,000. கடனுக்குத் தேன் எடுத்தது கை நீட்டாமலா?

ரப்பர்பால்:
அடி விழுகிற இடம் வாடகை இல்லை மக்கா. மாசி பங்குனியில் ரப்பர் துளிர்க்கும்போது எடுக்கிற தேன் சீக்கிரம் உறையும். நான் அனுப்பிய பாட்டிலைப் படம் பிடித்து, "அடியில் சீனி" என்று எழுதினார் ஒரு சென்னைக்காரர். வெந்நீரில் வைத்தால் இளகும் என்றேன், நம்பவில்லை. அப்புறம், ஈரப்பதம் 20 சதவீதத்துக்கு மேல் இருந்த ஒரு டின்னை அவசரத்தில் அடைத்துவிட்டேன். பெங்களூர் போவதற்குள் புளித்து, மூடி தெறித்து, பக்கத்துப் பார்சலில் இருந்த பட்டுச்சேலை எல்லாம் தேன். கூரியர்காரர் பில்லை எனக்கே அனுப்பினார்.

களியக்காவிளைக் கணக்கர்:
வருத்தம்தான். பாட்டில் அடைத்த இடத்துக்கு வாடகை கொடுத்தீரா?

ரப்பர்பால்:
அம்மாவின் அடுக்களை.

களியக்காவிளைக் கணக்கர்:
கண்டீர்களா!

வடசேரி வாத்தியார்:
முதலில் ஸ்டார்ட்அப் என்றால் என்ன? 1937லேயே சங்கம் வைத்துத் தேன் விற்ற ஊர் மார்த்தாண்டம். பாட்டிலில் அடைத்து விற்றால் அது கடைதானே?

தோவாளைக்காரி:
அடுக்களைக்கு வாடகை கேட்கிறவருக்கு அந்த அம்மா ராத்திரி உட்கார்ந்து லேபிள் ஒட்டிய கூலி கண்ணில் படாதா? நான் பூ விலைக்கு ஒரு செயலி செய்தேன். ஆறு மாத உழைப்பு. வியாபாரிகள் விடியுமுன்னே போனில் விலை பேசி முடித்துவிடுவார்கள். செயலியைத் திறந்தது நானும் என் தம்பியும்தான். முதலில் சந்தையில் போய் நின்று பார்த்திருக்க வேண்டும்.

களியக்காவிளைக் கணக்கர்:
கூலி வேறு, வாடகை வேறு. திசை திருப்பாதீர்கள்.

தோவாளைக்காரி:
ஆமாம், உங்கள் பேரேட்டில் பெண்கள் கூலிக்குப் பத்தியே கிடையாது. மூன்று வருடமாகப் பார்க்கிறேன்.

களியக்காவிளைக் கணக்கர்:
போகட்டும். தேன்தம்பி, 2023ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு, அதாவது இந்த ஊருக்கே உரிய பொருள் என்ற பதிவு, கிடைத்தது. அந்தப் பெயரை லேபிளில் பெரிதாகப் போட்டிருக்கிறீரே, பயன்படுத்த அங்கீகாரம் பதிந்தீரா?

தேன்தம்பி:
பெரிதாகவா? முகவரியில் ஊர்ப் பெயர் இருக்கிறது. அதை அழித்துவிட்டுக் குழித்துறை என்று போடவா? உமக்கு வயிற்றெரிச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரியும். தொழிலில் பங்கு கேட்டீர், தரவில்லை.

களியக்காவிளைக் கணக்கர்:
பங்கா? என் ஆறு தேன்பெட்டியை வாங்கிப்போய் இரண்டு வருடம் ஆகிறது. முதலில் அதைத் திருப்பித் தாரும்.

தேன்தம்பி:
அந்தப் பெட்டியில் பாதி மெழுகுப்பூச்சி அரித்தது. ஆறும் மாமனாரின் அறையில்தான் கிடக்கின்றன. இரண்டு வருட வாடகையோடு வந்து எடுத்துக்கொள்ளும்.

ரப்பர்பால்:
😂😂

களியக்காவிளைக் கணக்கர்:
பேச்சை மாற்றாதீர். 10,000ஆ, 1,00,000ஆ?

வடசேரி வாத்தியார்:
என் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.