பிஎஸ்3-க்கு கம்ப்யூட்டரிலிருந்து வைஃபையில் வீடியோ அனுப்ப முடியுமா?

மாடியறை:

வணக்கம் நண்பர்களே. எங்கள் வீட்டு ஹாலில் பழைய பிளேஸ்டேஷன் 3 ஒன்று இருக்கிறது, ஸ்லிம் மாடல். கேம் விளையாட இப்போது யாரும் அதைத் தொடுவதில்லை. பாட்டிதான் அதில் வீடியோ பார்க்கிறார், ஏனென்றால் அந்த டிவியில் நெட் வசதி கிடையாது.

அப்பா அந்தக் காலத்தில் எடுத்த விஎச்எஸ் டேப்புகளை எல்லாம் கேப்சர் கார்டு மூலம் கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். ஒரு டேப்புக்கு ஏறக்குறைய இரண்டு மணி நேரம், ஒவ்வொன்றும் 6 ஜிபி, எல்லாமே எம்கேவி ஃபைல்கள். பென்டிரைவில் போடப் பார்த்தால் ஃபைல் பெரிது என்று காப்பியே ஆகவில்லை. என்டிஎஃப்எஸ்ஸில் ஃபார்மட் செய்து போட்டால் பிஎஸ்3 அந்தப் பென்டிரைவையே கண்டுகொள்ளவில்லை.

கம்ப்யூட்டர் மாடியில், கன்சோல் கீழே. இரண்டும் வைஃபையில்தான். விண்டோஸில் மீடியா ஸ்ட்ரீமிங்கை ஆன் செய்துவிட்டு, பிஎஸ்3-இல் வீடியோ வரிசைக்குப் போய் 'சர்ச் ஃபார் மீடியா சர்வர்ஸ்' கொடுத்தால் எதுவும் கிடைக்கவில்லை என்கிறது. ஒரு டேப்பில் பாட்டியின் தம்பி பேசுகிறார். அவர் குரல் பதிவாகியிருப்பது அதில் மட்டும்தான். அதை பாட்டி தானே போட்டுப் பார்க்கும்படி செய்துகொடுக்க வேண்டும். வழி சொல்லுங்கள்.

அலைவரிசை:

கண்டிப்பாக முடியும். இந்த வேலைக்கு பிஎஸ்3 மாதிரி ஒத்துவரும் கன்சோல் குறைவு. பிந்தைய கன்சோல்களில் காணாமல் போன ஒரு வசதி இதில் இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறேன்.

பென்டிரைவ் கதை முதலில். பென்டிரைவ் ஃபார்மட்களில் பிஎஸ்3 படிப்பது ஃபேட்32 மட்டும்தான், ஃபேட்32-இல் ஒரு ஃபைல் 4 ஜிபியைத் தாண்ட முடியாது. அதனால் உங்கள் ஃபைல்களை அப்படியே பென்டிரைவில் கொண்டுபோக வழியில்லை. நெட்வொர்க்கில் போவதுதான் சரி.

நீங்கள் பயன்படுத்தும் முறைக்கு டிஎல்என்ஏ என்று பெயர். கன்சோல் தேடும்போது 239.255.255.250 என்ற பொது முகவரிக்கு, 1900-ஆம் போர்ட்டில், "இங்கே மீடியா சர்வர் யாராவது இருக்கிறீர்களா?" என்று ஒரு குரல் கொடுக்கும். ஒரே தெருவில் இருப்பவருக்குத்தான் அது கேட்கும். கம்ப்யூட்டர் வேறு நெட்வொர்க்கில் இருந்தாலோ, ஃபயர்வால் குறுக்கே நின்றாலோ பதில் வராது. உங்களுக்கு இந்த இரண்டில் ஒன்றுதான் நடந்திருக்கும்.

பிஎஸ்3-இல் நெட்வொர்க் செட்டிங்ஸ் உள்ளே போய் கனெக்‌ஷன் ஸ்டேட்டஸ் லிஸ்ட்டைத் திறங்கள். ஐபி முகவரி இருக்கும். கம்ப்யூட்டரின் ஐபியோடு ஒப்பிட்டு, முதல் மூன்று எண்கள் ஒன்றா என்று பாருங்கள். வீட்டு ரவுட்டர்களில் அவை ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். வேறாக இருந்தால் கன்சோல் கெஸ்ட் நெட்வொர்க்கில் மாட்டியிருக்கிறது. ஒன்றாகவே இருந்தால், விண்டோஸில் உங்கள் வைஃபை 'பப்ளிக்' என்று இருக்கிறதா பாருங்கள். அதை 'பிரைவேட்' ஆக்க வேண்டும். ரவுட்டரில் ஏபி ஐசொலேஷன் என்று ஒன்று உண்டு, அது ஆன் ஆகியிருந்தாலும் வைஃபையில் இருக்கும் கருவிகள் ஒன்றையொன்று பார்க்க முடியாது.

இன்னொன்று: பிஎஸ்3-க்கு 2.4 கிகாஹெர்ட்ஸ் மட்டும்தான் தெரியும், 5 கிகாஹெர்ட்ஸ் கண்ணிலேயே படாது. ரவுட்டரின் வைஃபை பாதுகாப்பை டபிள்யூபிஏ3 மட்டும் என்று வைத்திருந்தாலும் அதனால் சேர முடியாது.

நாலாம்பிளேயர்:

இவ்வளவு சுற்றுவானேன்? கன்சோலில் கஸ்டம் ஃபர்ம்வேர் (சோனியுடையதற்குப் பதில் மற்றவர்கள் மாற்றி எழுதிய மென்பொருள்) போட்டு எஃப்டிபி சர்வரை (நெட்வொர்க்கில் ஃபைல்களை வாங்கும் மென்பொருள்) ஓட விடுங்கள். கம்ப்யூட்டரில் இருந்து நேராக எந்த ஃபைலையும் தள்ளலாம்.

அலைவரிசை:

எஃப்டிபி நல்ல வழிதான், மறுக்கவில்லை. ஆனால் இந்த வீட்டுக்கு வேண்டாம். ஃபர்ம்வேர் ஏற்றும்போது ஏதாவது ஆனால் பாட்டி பார்க்கும் ஒரே பெட்டி போய்விடும். வீடியோவுக்கு வேண்டிய எல்லாம் சோனி கொடுத்த மென்பொருளிலேயே இருக்கிறது.

மாடியறை:

அண்ணா, நீங்கள் சொன்னது அப்படியே. கம்ப்யூட்டர் 192.168.1-இல், கன்சோல் 192.168.2-இல். ரவுட்டர் மாட்ட வந்தவர் கன்சோலை கெஸ்ட் வைஃபையில் சேர்த்துவிட்டுப் போயிருக்கிறார். மாற்றியதும் வீடியோ வரிசையில் கம்ப்யூட்டர் பெயர் வந்துவிட்டது!

ஆனால் உள்ளே போனால் டேப் ஃபைல் எதுவும் ஓடவில்லை. செல்போனில் எடுத்த எம்பி4 ஒன்று மட்டும் ஓடுகிறது. மீடியாஇன்ஃபோவில் (ஃபைலின் உள்விவரம் காட்டும் மென்பொருள்) பார்த்தேன்: வீடியோ எச்.264, ஒலி பிசிஎம் (அமுக்காத ஒலி).

அலைவரிசை:

அருமை, பாதி வேலை முடிந்தது. மீடியாஇன்ஃபோவில் பார்த்துச் சொன்னது ரொம்ப நல்லது, இல்லாவிட்டால் இருட்டில் தேடியிருப்போம்.

பிஎஸ்3 எம்கேவியைத் திறக்காது. ஆனால் எம்கேவி என்பது வெறும் பெட்டி. உள்ளே இருக்கும் எச்.264 படத்தை பிஎஸ்3 தாராளமாக ஓட்டும். அதனால் படத்தை மறுபடி என்கோட் செய்யாமல் எடுத்து எம்பி4 பெட்டியில் வைத்து, ஒலியை மட்டும் ஏஏசி (அமுக்கிய ஒலி வடிவம்) ஆக மாற்றினால் போதும். எஃப்எஃப்எம்பெக் என்ற மென்பொருளில் இதற்கு வீடியோவுக்கு 'காப்பி' என்றும் ஆடியோவுக்கு 'ஏஏசி' என்றும் கொடுக்க வேண்டும். படம் துளியும் கெடாது, ஒரு டேப் சில நிமிடங்களில் முடிந்துவிடும். விஎச்எஸ் படம் ஏற்கெனவே மங்கல். அதை மேலும் ஒரு முறை அமுக்கி, முகங்களில் இருக்கிற கொஞ்ச நஞ்ச விவரத்தையும் இழக்க வேண்டாம் என்பதற்காகத்தான் இவ்வளவு சொல்கிறேன்.

அளவும் குறையும். 48 கிலோஹெர்ட்ஸ், 16 பிட் ஸ்டீரியோ பிசிஎம் இரண்டு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 1.4 ஜிபி. அதையே 192 கேபிபிஎஸ் ஏஏசி ஆக்கினால் 0.2 ஜிபிகூட வராது.

ஒரு இடத்தில் மட்டும் கவனம். மீடியாஇன்ஃபோவில் குரோமா (நிறத் தகவலைப் பதியும் முறை) 4:2:0 என்று இருக்க வேண்டும். சில கேப்சர் மென்பொருள்கள் 4:2:2-இல் எழுதும், அது பிஎஸ்3-இல் ஓடாது. அப்படி இருந்தால் ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் புதிதாக என்கோட் செய்வதைத் தவிர வழியில்லை. எப்படியானாலும் அசல் எம்கேவியை அழித்துவிடாதீர்கள், டேப் இன்னொரு முறை ஓடும் என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது.

மாற்றும் வேலையே வேண்டாம் என்றால் யுனிவர்சல் மீடியா சர்வர் என்ற இலவச மென்பொருள் இருக்கிறது. ஓடும்போதே மாற்றிக் கொடுக்கும். ஆனால் முன்னே பின்னே தள்ளிப் பார்ப்பதில் சிக்கல் வரும். பாட்டி தன் தம்பி பேசும் இடத்தைத் தேடிப் போவார் அல்லவா, அதனால் எம்பி4 ஆக்கி வைப்பதையே நான் சொல்வேன்.

இப்போது அந்த வசதி. மீடியா சர்வரில் ஒரு வீடியோ மேல் நின்று முக்கோண பட்டனை அழுத்தினால் 'காப்பி' வரும். கொடுத்தால் ஃபைல் கன்சோலின் ஹார்டு டிஸ்க்குக்கே வந்துவிடும். அதன் பிறகு மாடியில் கம்ப்யூட்டர் ஓட வேண்டியதில்லை. பிஎஸ்4-இன் மீடியா பிளேயரில் பார்க்கலாமே தவிர இப்படி எடுத்து வைத்துக்கொள்ள முடியாது. பிஎஸ்5-இல் டிஎல்என்ஏவே இல்லை. பெரிய ஃபைலை காப்பி செய்வதற்கு முன் முழு டேப்பை வைத்துப் போராடாமல், நீங்கள் சொன்ன அந்தப் பேச்சுப் பகுதியை மட்டும் தனியாக வெட்டி முதலில் அனுப்புங்கள்.

வேகம் பற்றி: பிஎஸ்3 வைஃபை 802.11ஜி. காகிதத்தில் 54 எம்பிபிஎஸ், கையில் கிடைப்பது 20 அளவில். 6 ஜிபி, இரண்டு மணி நேரம் என்றால் சராசரி 7 எம்பிபிஎஸ்கூட இல்லை, ஆக ஸ்ட்ரீமிங் தாங்கும். ஆனால் கம்ப்யூட்டரும் அதே 2.4-இல் இருந்தால் ஒவ்வொரு துண்டும் காற்றில் இரண்டு முறை போக வேண்டும்: கம்ப்யூட்டரிலிருந்து ரவுட்டருக்கு ஒன்று, ரவுட்டரிலிருந்து கன்சோலுக்கு இன்னொன்று. வேகம் பாதியாகிவிடும். கம்ப்யூட்டரையாவது ரவுட்டரோடு கேபிளில் இணையுங்கள். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸுக்கு மாற்றுங்கள்.

நிலாப்பிக்சல்:

குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், எனக்கு எதிர்த்திசை. நின்டெண்டோ ஸ்விட்ச்சில் எடுத்த ஸ்க்ரீன்ஷாட்களை லேப்டாப்புக்குக் கொண்டுவர வேண்டும். ஒவ்வொரு முறையும் எஸ்டி கார்டைக் கழற்ற மனமில்லை.

அலைவரிசை:

2020 இறுதியில் வந்த 11.0.0 அப்டேட்டில் இருந்து ஆல்பத்தில் 'ஸ்மார்ட்ஃபோனுக்கு அனுப்பு' இருக்கிறது. பெயர்தான் ஸ்மார்ட்ஃபோன், லேப்டாப்பிலும் வேலை செய்யும். அந்த நேரத்தில் ஸ்விட்ச் தானே ஒரு வைஃபையை உண்டாக்கும். க்யூஆர் கோடுக்குப் பதில் அதன் பெயரையும் பாஸ்வேர்டையும் பார்த்து லேப்டாப்பை அதில் இணைத்து, பிரவுசரில் 192.168.0.1/இண்டெக்ஸ்.எச்டிஎம்எல் (ஆங்கில எழுத்தில்) திறந்தால் படங்கள் வரும். ஒரு தடவைக்கு 10 படம் அல்லது ஒரு வீடியோ. நிறைய இருந்தால் யுஎஸ்பி கேபிள்தான் நல்லது, அதே அப்டேட்டில் அந்த வசதியும் வந்தது.

மாடியறை:

குரோமா 4:2:0 தான். நீங்கள் சொன்னபடி அந்தப் பகுதியை வெட்டி எம்பி4 ஆக்கி, முக்கோண பட்டன் வழியாக காப்பி செய்தேன். கன்சோலில் சுத்தமாக ஓடுகிறது. பாட்டி நான்கைந்து முறை பார்த்துவிட்டார், இடையில் ஒரு பெயரைச் சொல்லி "இவளும் இருக்கிறாளா இதில்" என்று கேட்டார். அது யார் என்று எங்கள் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை, அவரிடமே கேட்டு எழுதி வைத்திருக்கிறேன்.

ஒரு சந்தேகம். மற்ற டேப்புகளை ஸ்ட்ரீமிங்கில் பார்த்தால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடுகிறது. கம்ப்யூட்டர் இப்போது கேபிளில்தான்.

அலைவரிசை:

அந்தப் பெயர்களை ஃபைல் பெயரிலேயே சேர்த்துவிடுங்கள், டேப் எண்ணோடு.

நிற்பது எப்போதும் ஏறக்குறைய ஒரே நேரம் கழித்து என்றால் கம்ப்யூட்டர் தூங்கப் போகிறது என்று அர்த்தம். பவர் செட்டிங்கில் ஸ்லீப்பை 'நெவர்' ஆக்கிப் பாருங்கள். அப்படியும் நின்றால், எந்த டேப், எத்தனையாவது நிமிடம் என்று எழுதுங்கள், பார்த்துவிடலாம்.